திருமலைப் பக்கத்து மணிலாப் பயிருக்குக் காவல்

ஆரணியைப் பட்டுச் சேலைக்காக அறியாதவர் தமிழ்நாட்டில் இலர். எனினும் அப்பட்டணத்துத் தறிகளுக்கு வேண்டிய பட்டுநூல் பெரும்பாலும் வெளியூர்களிலிருந்தே வந்து சேருகிறது; சுற்றுக் கிராமங்களின் நிலம் தருவது நெல்லும் மணிலாக்கொட்டையுமே. ஏரிப் பாய்ச்சலும் கிணற்றுப் பாய்ச்சலும் உள்ள நிலங்களில் நெல்லும், செம்மண் கொல்லைகளில் மணிலாவும் பயிராகின்றன. நிலக்கடலை என்றும் வேர்க்கடலை என்றும் மற்ற ஜில்லாக்களில் வழங்கும் இதனை இப்பக்கத்தார் மல்லாட்டை என்று சொல்லுவர்.

வடமாதிமங்கலம் ரயில் நிலையத்துக்கு அண்மையில் உள்ளது திருமலை. பாறையில் 16 அடி உயரத்துக்குச் செதுக்கப்பெற்ற நேமிநாதர் திருவுருவமும், முதலாம் இராஜேந்திர சோழனுடைய வெற்றிகளைக் கூறும் கல்வெட்டும் அவ்வூர்க் குன்றுக்குப் புகழ் தந்தவை. அக்குன்றைச் சூழ்ந்த கொல்லைகளில் ஆடிப் பட்டத்தில் விதைத்த மணிலா ஐப்பசிக்குள் வீடு வந்து சேரவேண்டும். திண்டிவனம் ஆராய்ச்சிப் பண்ணை தந்த 7-ம் நெம்பர் போன்ற கொத்துக் கடலை விதைத்த நாளிலிருந்து ஏறக்குறைய 105 நாட்களில் முதிர்கிறது. இந்நாட்களுள் ஏதேனும் ஒரு விரோதி கொல்லையை நாடி வாராத நாள் இல்லை என்றே கூறலாம். வானத்திலிருந்து காகமும் மயிலும், மண்ணுக்குள்ளிருந்து எலியும் புழுவும், காட்டுப் புறத்திலிருந்து பன்றியும், ஊருக்குள்ளிருந்து மாடும் மனிதரும் வருகின்றனர்.

இவ்விரோதிகளைத் தடுக்கும் உபாயங்கள் குடியானவர்களுக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் அவற்றைத் தனித்தனியே, தத்தம் வரப்புக்குள் மட்டும், சேதம் கண்ணிற்பட்ட பின்னரே கையாளுவதால் செலவு மிகுந்து பலன் குறைகிறது. ஒருவர் விரட்டிய பன்றி அடுத்தவர் கொல்லையில் இறங்குகிறது. ஒருவர் விட்டுவைத்த புழு ஊர் முழுவதும் ஊர்ந்து செல்லுகிறது. இப்பயிரின் காவலை ஊர் கூடிச் செய்வதே சிக்கனம் என்பது இக்கட்டுரையின் கருத்து. அன்றியும், தனிக் காவலின் பெயரால் சில இடங்களில் கம்பியில் மின்சாரம் பாய்ச்சும் கொடுமையும் நடைபெறுவதால், அதைப் பற்றியும் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

முதல் மழையும் கம்பளிப்புழுவும்

மானாவாரி மணிலாவுக்குச் சிவப்புக் கம்பளிப்புழுவைப் போன்ற சத்துரு வேறில்லை. இது வருஷத்தில் பெரும்பாலும் ஒரே தலைமுறையாகத் தோன்றுவது. முந்திய பருவத்தில் வயிறு நிறைய மேய்ந்த புழு மண்ணுக்குள் ஒரு சாண் ஆழம் வரையிற் புகுந்து கூட்டுப்புழுவாகி, ஒன்பது பத்து மாதம் அசைவின்றிக் கிடக்கும். வரப்போரங்களிலும் மர நிழல்களிலும் இவை மிகுதியாகக் கிடைக்கும். கோடை கழிந்து மண் நன்றாக நனையும்படி முதல் மழை பெய்த சில நாட்களில் இவை யாவும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அந்துப்பூச்சிகளாக வெளிவருகின்றன. வெண்மையான முன்னிறகும் அதன் விளிம்பில் மஞ்சட் கோடும் உடைய இப்பூச்சி, அந்தி மயங்கியதும் வெளிச்சத்தை நாடிப் பறக்கும். தாய்ப்பூச்சி இலையின் அடிப்புறத்தில் நூற்றுக்கணக்கான முட்டைகளைக் கும்பலாக இடும். மூன்று நாள் அளவில் அவை பொரிந்துவிடும்.

இப்புழுவின் பலவீனம், அது எப்போது வரும் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிட்டு வருவதுதான். மழை பெய்த நாளே அதன் அறிவிப்பு. ஆகையால் அதனை எதிர்க்கும் வேலையைக் கடிகாரம் பார்த்துச் செய்வதுபோலச் செய்யக் கூடும்.

முதலாவது, சித்திரை வைகாசியில் கிடைக்கும் கோடை மழையைக் கொண்டு கொல்லையை ஆழ உழுதுவிட வேண்டும். புரண்ட மண்ணிலிருந்து வெளிப்படும் கூட்டுப்புழுக்களில் ஒரு பங்கு வெயிலிற் காயும். ஒரு பங்கை ஏருக்குப் பின்னே நடக்கும் நாகணவாயும் காகமும் கொக்கும் தின்றுவிடும். இரண்டாவது, முதல் பெருமழைக்கு மறுநாள் தொடங்கிச் சில நாட்களுக்கு, மாலை 7 மணி முதல் 11 மணி வரையில், ஊரின் நாற்புறத்துக் கொல்லைகளிலும் சொக்கப்பனை கொளுத்துவதோ, மண்ணெண்ணெய் கலந்த நீர்த் தட்டின்மேல் விளக்குத் தொங்கவிடுவதோ செய்யவேண்டும். மூன்றாவது, முட்டைக் கும்பல்களையும், பொரிந்து இன்னும் கூட்டமாகவே இருக்கும் இளம்புழுக்களையும் இலையோடு கிள்ளி அப்புறப்படுத்த வேண்டும். இலை ஒன்று சல்லாத் துணிபோல் வெளுத்துத் தோன்றினால் அதன் அடிப்புறத்தில் கூட்டம் இருக்கிறதென்று அறிக. பள்ளிப் பிள்ளைகளும் இவ்வேலையைப் பெரியோரைவிடச் சுருக்காகச் செய்வார்கள். வரப்பிலும் ஊடு வரிசையிலும் காராமணியோ ஆமணக்கோ விதைத்திருந்தால், முட்டைகளில் ஒரு பங்கு அவற்றில் விழுவதால் தேடுவது எளிதாகும்.

இம்மூன்று வேலைகளையும் விட்டுவிட்டவர்களுக்கு நான்காவதாக எஞ்சியிருப்பது சாலடித்தலே. வளர்ந்த புழு இருந்த கொல்லையை மொட்டையடித்தபின் அடுத்த கொல்லைக்குப் படையாகப் புறப்படும். அது வரும் திசையில் ஓரடி ஆழமும் முக்காலடி அகலமும் உள்ள வாய்க்கால் ஒன்றைச் செங்குத்தான கரைகளோடு வெட்டினால் புழுக்கள் அதில் விழுந்து ஏறமாட்டாமல் கிடக்கும். காட்டாமணக்குத் தழையை வரப்பில் ஆங்காங்கே குவித்துவைத்தால் அதனடியில் வந்து கூடும். இரண்டையும் காலையில் போய்ப் பார்த்து அழிக்கவேண்டும். மருந்து தெளிப்பது இளம்புழுப் பருவத்தில்தான் பயன் தரும். முதிர்ந்த புழுவின் அடர்ந்த மயிரின்மேல் மருந்தைக் கொட்டுவது பணத்தைக் கொட்டுவதற்கு ஒப்பாகும்.

விளக்கு வைப்பதில் ஒரு நியாயமான ஆட்சேபணை உண்டு. "என் கொல்லையில் மட்டும் விளக்கு வைத்தால், ஊரார் கொல்லையிலுள்ள பூச்சிகளும் என்னிடமே வாராவோ?" என்று கேட்பார்கள். வருந்தான். அதனாலேயே எல்லோரும் ஒரே இரவில் வைக்கவேண்டும் என்பது. சென்னை மாகாணத்தில் 1919-ம் வருஷத்தில் பயிர்ப்பூச்சிகள், நோய்கள் சட்டம் இயற்றப்பட்டதன் அடிப்படையும் இதுவே. ஒரு பூச்சி குறிப்பிட்ட பிரதேசத்துக்கு அபாயகரமானது என்று சர்க்கார் அறிக்கை செய்துவிட்டால், அப்பிரதேசத்து நிலத்தை அனுபவிப்போர் ஒவ்வொருவரும் விதிக்கப்பட்ட நிவாரணத்தைச் செய்தேயாக வேண்டும். தவறினால் அதிகாரிகள் தாமே செய்து செலவை வசூலிக்கலாம் என்பது அதன் சாரம். பருத்திச் செடிகளை உரிய நாளில் பிடுங்கிவிடச் செய்ய இச்சட்டம் பயன்பட்டது. ஆனால் மழைக்கு மறுநாள் செய்யவேண்டிய வேலைக்கு அறிக்கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது தகாது. மழை அளவு கண்ட அன்றே கிராம அதிகாரிகள் தண்டோராப் போடுவித்தோ, இக்காலத்தில் எல்லோர் கையிலும் இருக்கும் கைபேசி வாயிலாகவோ இரவு விளக்குக்கு நாள் குறித்துவிடுதல் போதும்.

திருமலையைச் சூழ்ந்த கிராமங்களில் பயிர்த்தொழில் செய்யும் தமிழ்ச் சமணர்கள் உளர். கொல்லாமையைத் தலையாய விரதமாகக் கொண்ட அவர்களுக்குச் சொக்கப்பனை உவப்பாயிராது. அவர்களுடைய மனநிலையை ஊரார் மதிக்க வேண்டும். ஊடு பயிர், தழைக் குவியல், சாலிட்டு மறித்தல், வேலி, காவல் ஆகிய பங்குகளை அவர்கள் ஏற்றுக்கொண்டு, விளக்கிடும் வேலையை மற்றவர்கள் செய்வதில் யாதொரு தடையும் இல்லை.

மழை இடையிற் சில வாரம் பொய்த்தால் சுருள் பூச்சி தலைகாட்டும். இலைகள் மடிந்து ஒட்டிப் பழுப்பேறி, தூரத்திலிருந்து பார்க்கக் கொல்லை தீய்ந்ததுபோல் தோன்றும். நான்கு வரிசை மணிலாவுக்கு ஒரு வரிசை கம்பு ஊடு பயிராக இடுவது இதைத் தணிக்கிறது. நல்ல மழை ஒன்று பெய்தால் தானாகவே குறைந்துபோவதும் உண்டாதலால், இரண்டொரு இலை சுருண்டதைக் கண்டவுடன் மருந்துக் கடைக்கு ஓடவேண்டியதில்லை.

விதைத்த பத்து நாள்

கொத்துக் கடலைக்கு ஏக்கருக்கு 50 முதல் 55 கிலோ பருப்பு விதை செல்லுகிறது. மணிலாச் சாகுபடியில் விதைச் செலவைப்போல் ஒரேயடியாகக் கையைக் கடிக்கும் செலவு வேறில்லை. அவ்விதையைக் காகம் சால் பிடித்துக்கொண்டே போய்ப் பொறுக்குகிறது. மயில் முளையைக் கிள்ளுகிறது. அணிலும் எலியும் தம் பங்கைப் பெறுகின்றன. இப்பத்து நாளும் காலை மாலை இரண்டு வேளையும் ஆள் இருப்பதற்கு ஈடான உபாயம் இல்லை. வைக்கோற் பொம்மையை மூன்றாம் நாள் காகம் அறிந்துகொள்ளும். பளபளக்கும் சிவப்பு வெள்ளி நாடாவை முறுக்கிக் கட்டினால் காற்றில் ஓசையிட்டு மின்னுவதால் இன்னும் சில நாள் அஞ்சும். அதையும் இடம் மாற்றிக் கட்டவேண்டும். ஒரே ஊரில் எல்லோரும் ஒரே வாரத்தில் விதைத்துவிட்டால் பறவைகளின் சேதம் ஊர் முழுமைக்கும் பங்கிடப்பட்டு எவருக்கும் பெரிதாகத் தோன்றாது. முந்தி விதைத்தவரும் பிந்தி விதைத்தவருமே அதிகம் இழப்பர்.

மயில் 1963-ம் வருஷம் முதல் தேசியப் பறவை. 1972-ம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. விஷம் கலந்த தானியத்தை வரப்பில் தூவுவோர் மயிலைக் கொன்ற குற்றத்துக்கு ஆளாவதோடு, தம் வீட்டுக் கோழியையும் அண்டை வீட்டு நாயையும் சேர்த்தே இழப்பார்கள்.

எலிக்கு வரப்பைச் சிறுக்கச் செதுக்குவதே முதல் வைத்தியம். அகன்ற வரப்பு எலிக்கு மாளிகை. தஞ்சாவூர்க் கிட்டியை வளைவாயில் வைப்பதும், ஆந்தை அமர்வதற்கு ஆளுயரக் குச்சியின்மேல் குறுக்குக் கட்டை பொருத்தி நடுவதும் செலவற்றவை. ஆந்தையை அபசகுனமென்று கல்லெறிவோர், இரவெல்லாம் கூலியின்றிக் காவல் காக்கும் ஆளைத் துரத்துகிறார்கள்.

காட்டுப்பன்றி

முன்னாளில் மணிலாக் கொல்லையைத் தோண்டுவது நரியே என்று முதியோர் சொல்லுவர். இப்போது நரியைக் காண்பது அரிது. அதன் ஸ்தானத்தைக் காட்டுப்பன்றி பெற்றுவிட்டது. ஜவ்வாது மலைச்சாரலை அடுத்த கிராமங்கள் மட்டுமன்றி, மலைக்குத் தொலைவான ஏரிக்கரைக் கிராமங்களும் இதனால் துன்புறுவதற்குக் காரணம், ஏரி உள்வாயிலும் புறம்போக்கிலும் அடர்ந்துவிட்ட வேலிக்காத்தான் புதர்களாகும். இச்சீமைக் கருவேலை 1877-ம் வருஷத்தளவில் சென்னை மாகாணத்தின் வறண்ட பகுதிகளில் விறகுக்காகவும் நிலத்துக்கு மறைப்பாகவும் கொண்டுவந்தார்கள். முள்ளினால் வேலி காக்கும் என்று ஜனங்கள் அதற்கு அப்பெயர் வைத்தார்கள். இப்போது அது காப்பது பன்றியைத்தான். பகலெல்லாம் அந்நிழலிற் படுத்து, இரவில் மேய்ச்சலுக்குக் கிளம்பி, விடியுமுன் திரும்பிவிடுகிறது. தமிழ்நாடு சர்க்கார் 2022-ம் வருஷத்தில் இத்தகைய அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையை வெளியிட்டது. ஏரிப் புதரை வெட்டுவதற்கு ஊராட்சி தீர்மானம் நிறைவேற்றுவது, நூறு கொல்லைகளுக்கு வேலி போடுவதைவிட மலிவு.

வேலியைப் பற்றிப் பேசும்போது சப்பாத்திக்கள்ளியின் சரித்திரமும் நினைவுக்கு வருகிறது. ஒரு காலத்தில் இந்நாட்டின் புன்செய்களுக்கெல்லாம் அதுவே வேலி. நாளடைவில் வேலியே நிலத்தை விழுங்கத் தொடங்கியது. 1926-ம் வருஷத்தில் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட கள்ளிப்பூச்சி சில வருஷங்களுக்குள் அதனைப் பெரும்பாலும் தின்று தீர்த்தது. அந்தப் படிப்பினை வேலிக்காத்தான் விஷயத்தில் ஏனோ மறக்கப்பட்டது. புதிதாக உயிர்வேலி வைப்போர் கிளுவையையோ ஆனைக்கற்றாழையையோ நெருக்கமாக நட்டு, ஆண்டுதோறும் வெட்டி ஒழுங்கு செய்வது உசிதம்.

பன்றி எந்நாளும் வருவதன்று. செடியில் விழுது இறங்கிக் காய் பிடிக்கத் தொடங்கும் நாளிலிருந்தே அதன் கண், அல்லது மூக்கு, கொல்லையின்மேல் விழும். அதாவது 45-ம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைத்த பின்னர் என்று கொள்ளலாம். எட்டங்குல, பத்தங்குலக் கணக்கையெல்லாம் விடுத்து, ஓரடி வரிசையும் நான்கங்குல இடைவெளியும் என்று வைத்துக்கொண்டால், ஒரு சென்ட் நிலத்தில் 1,300 செடிக்கு மேல் நிற்கும். செடிக்குப் பத்துக் காய் வீதம் பார்த்தாலும் 13,000 காய். ஒரு பன்றிக் கூட்டம் ஒரே இரவில் பல சென்ட் நிலத்தை உழுதுவிடுகிறது. அது தின்பது ஒரு பங்கென்றால் மிதித்துப் புரட்டி வேரறுப்பது மூன்று பங்கு. குடியானவர் ஒருவர் விதைக்கும் எருவுக்கும் வாங்கிய கடன் தீரும் முன்னே, காய் முற்றும் தறுவாயில், காலையில் எழுந்து போய் இக்காட்சியைக் காணும்போது அவருக்கு உண்டாகும் ஆத்திரம் இயல்பானதே. அவ்வாத்திரத்தில் செய்யும் காரியங்களே பின்னால் பெருந்தீங்காய் முடிகின்றன.

பன்றிக்குக் கண்பார்வை மந்தம்; மோப்பமும் செவியும் கூர்மை. இதை அறிந்தே பல உபாயங்கள் வழக்கத்துக்கு வந்திருக்கின்றன. பழஞ்சேலைகளைக் கொல்லையைச் சுற்றி முளையடித்துக் கட்டுவது பல ஜில்லாக்களில் காணப்படுகிறது. ஆரணிப் பக்கத்தில் சேலைக்குப் பஞ்சமில்லை என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆயினும் கட்டப்படுவது பட்டன்று, உடுத்துக் கிழிந்த நூற்சேலையே. அசையும் துணியும் அதில் தங்கிய மனித வாடையும் பன்றியைச் சில வாரங்கள் தயங்கச் செய்யும். முதல் நாளிலேயே கட்டிவிட்டால் காய் பிடிக்கும் காலத்துக்குள் அது பழகிவிடும். ஆகவே 40-ம் நாளுக்கு மேல் கட்டுவது நலம். நாவிதர் கடை மயிரை வரப்பில் தூவுவதும் மோப்பத்தைக் குழப்புவதற்கே; மழைக்குப் பின் மறுபடி தூவவேண்டும். ஐதராபாத்தில் நடந்த பரிசோதனைகளில் மணிலாவைச் சுற்றி முள்ளுள்ள குசும்பாவை நான்கு வரிசை நெருக்கி விதைப்பது பயன் தந்ததாகக் கண்டிருக்கின்றனர். அதன் எண்ணெய் வித்தும் வருவாயாகும்.

இவை எல்லாவற்றினும் பழமையானதும் நம்பத்தக்கதும் பரண் காவல். ஒரு குடும்பத்தார் அறுபது இரவு தொடர்ந்து விழித்திருக்க முடியாது. ஆனால் ஒரே பக்கத்தில் பத்துக் கொல்லைக்காரர் சேர்ந்து, பன்றி வரும் தடத்தில் இரண்டு பரண் கட்டி, முறைவைத்து இரவுக்கு இருவர் இருந்தால், ஒவ்வொருவருக்கும் ஐந்து இரவுக்கு ஒருமுறைதான் முறை வரும். டார்ச்சு விளக்கும், தகர டப்பாவும், நாயும் இருந்தால் போதும். பயிரை ஒரே பக்கத்தில் ஒட்டுமொத்தமாக வைத்தல் இதற்கு முக்கியம். நெல்லும் கரும்பும் நடுவே புகுந்து துண்டு துண்டாக நிற்கும் மணிலாவை எந்தப் பரணும் காக்காது. கரும்புத் தோட்டம் பன்றிக்கு மற்றொரு புதர்.

கம்பியில் பாயும் மின்சாரம்

சில இடங்களில் பம்புசெட்டு இணைப்பிலிருந்து கம்பி இழுத்துக் கொல்லையைச் சுற்றிவிட்டு, இரவில் மின்சாரத்தைப் பாய்ச்சும் வழக்கம் பரவியிருக்கிறது. இதனால் வருஷந்தோறும் தமிழ்நாட்டின் பல ஜில்லாக்களில் மனிதர்கள் மாண்டுபோகின்றனர். பத்திரிகை படிப்போர் இதை அறிவர். 2023-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் தர்மபுரி ஜில்லா மாரண்டஹள்ளி அருகே, பன்றிக்கென இழுத்த இத்தகைய கம்பியிற் பட்டு மூன்று பெண் யானைகள் மடிந்தன. தாயிழந்த இரண்டு குட்டிகள் மட்டும் எஞ்சின. யானை இறந்தால் செய்தி நாடெங்கும் பரவுகிறது. விடியற்காலையில் மடை திறக்கப் போன அண்டைக் கொல்லைக்காரரோ, சாணம் பொறுக்கச் சென்ற சிறுவனோ, கம்பி போட்டவருடைய சொந்த மனைவியோ இறந்தால் அவ்வூரோடு நின்றுவிடுகிறது.

இதன் காரணத்தை நன்றாக விளங்கிக்கொள்வது அவசியம். வீட்டுக்கும் பம்புசெட்டுக்கும் வரும் மின்சாரம் இடைவிடாமல் பாய்வது. அது கையிற் பட்டால் தசைகள் இறுகிப்போவதால் கம்பியைப் பிடித்தவர் விட நினைத்தாலும் விடமுடியாது. ஈர மண்ணும் வெறுங்காலும் சேர்ந்தால் உடல் வழியே பூமிக்குப் பாய்ந்து இருதயத்தை நிறுத்துகிறது. முறைப்படி அமைந்த சூரிய மின்வேலியோ வேறு வகையானது. அதில் சூரிய தகடு ஒரு பாட்டரியில் மின்சாரத்தைச் சேர்க்கிறது. இடையிலுள்ள கருவி ஏறக்குறைய வினாடிக்கு ஒருமுறை, இமைப்பொழுதினும் மிகக் குறுகிய நேரமே நிற்கும் அதிர்ச்சியை மட்டும் கம்பிக்குள் அனுப்புகிறது. ஒவ்வோர் அதிர்ச்சிக்கும் இடையே கம்பி வெறுங்கம்பியாகவே இருப்பதால் தொட்டது விலகிக்கொள்ள முடிகிறது. ஓர் அடி வாங்கிய பன்றி மறுமுறை அஞ்சும், உயிர் போகாது. பார்வைக்கு இரண்டும் கம்பிதான். ஆனால் ஒன்று பிரம்பு, மற்றொன்று அரிவாள்.

சூரிய மின்வேலி போடுவதிலும் சட்டம் உண்டு. தமிழ்நாடு சர்க்கார் 2023-ம் வருஷத்தில் மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளை வெளியிட்டது. கருவி இந்தியத் தர நிர்ணயத்துக்கு ஒத்ததாய் இருக்கவேண்டும். வன இலாகாவில் பதிவு செய்யவேண்டும். வேளாண்மைப் பொறியியல் இலாகா இதற்கு மானியம் வழங்கி வந்திருப்பதால், போட விரும்புவோர் அவ்விலாகாவின் ஆரணி, போளூர்ப் பக்கத்து உத்தியோகஸ்தர்களை விசாரித்தறிவது நன்று. பத்துக் கொல்லைகளுக்கு ஒரே சுற்றுவேலியாகப் போட்டால் தலைக்கு ஆகும் செலவு வெகுவாய்க் குறையும். சதுர அளவு பெருகும் வீதத்துக்குச் சுற்றளவு பெருகுவதில்லை என்பது கணக்கறிந்த எவருக்கும் தெரியும். பன்றிக்கான வேலியில் அடிக்கம்பி தரைக்கு ஒரு சாணுக்கு மேல் இருக்கலாகாது. கம்பியின்கீழ் புல் வளர்ந்து தொட்டுவிட்டால் அதிர்ச்சி முழுவதும் புல்லின் வழியே மண்ணுக்குப் போய்விடும். வேலி போட்டு மூன்றாம் மாதத்தில் "பிரயோஜனமில்லை" என்று சொல்லப்படுகிற வேலிகளில் பெரும்பாலானவற்றின் குறை இந்தப் புல்லே.

பம்புசெட்டுக்கென அளிக்கப்பட்ட மின்சாரத்தை வேலிக்குத் திருப்புவது 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டப்படி குற்றம். உயிர் போய்விட்டால் மரணம் விளைவித்த வழக்கும் சேரும். நூறு மூட்டை மணிலா விற்ற பணமும் அவ்வழக்குக்குக் காணாது. தம் எல்லைக்குள் இப்படிக் கம்பி இழுக்கப்பட்டிருப்பது கிராம அதிகாரிகளுக்குத் தெரியாமல் இருப்பது அபூர்வம். "நமக்கேன் வம்பு" என்று இருந்துவிடாமல், முதலில் கொல்லைக்காரரிடத்திலே நயமாகச் சொல்லி எடுப்பித்தல் வேண்டும். கேளாவிடில் மின்வாரிய உத்தியோகஸ்தருக்கு அன்றைக்கே அறிவித்தல் வேண்டும். நெருங்கிய உறவினர் என்று தயங்கினால், அந்தக் கம்பியில் முதலில் மிதிப்பவர் அவ்வுறவினராகவே இருக்கக்கூடும்.

அவுட்டுக்காய் என்னும் வெடிமருந்து உருண்டையும் இத்தகையதே. பன்றிக்கு வைத்ததை மேயும் பசு கடித்து வாய் சிதறி, தீனி எடுக்கமாட்டாமல் பட்டினியால் சாவது கண்கொண்டு பார்க்கத் தகாதது.

சட்டம் அனுமதிப்பது

காட்டுப்பன்றியும் 1972-ம் வருஷச் சட்டத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டதே. குடியானவர் தாமே கொல்லுவதற்கு உரிமையில்லை. எனினும் சேதம் மிகுந்ததைக் கருதி, தமிழ்நாடு சர்க்கார் 2025-ம் வருஷம் ஜனவரியில் ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. அதன்படி காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடலாகாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரையில் பிடித்துக் காட்டுக்குள் விடவேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளை வன இலாகாவினர் சுடலாம். ஆகையால் ஒவ்வோர் ஊராரும் தம் கொல்லைகள் காப்புக்காட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை முன்னதாகவே வரைபடத்தைப் பார்த்துக் குறித்துவைத்துக்கொள்வது நலம். மனு எழுதும்போது தூரம், சர்வே நெம்பர், சேதமான நாள், சென்ட் அளவு ஆகிய நான்கும் இருந்தால் காரியம் விரைவில் நடக்கும்.

இழப்பீடு கோருவோருக்கு அடங்கலே ஆதாரம். 1980-ம் வருஷம் வரையில் கர்ணம் எழுதியதை இப்போது கிராம நிர்வாக அலுவலர் எழுதுகிறார். கொல்லையைப் பார்க்காமல் சென்ற வருஷத்துப் பயிரையே மறுபடியும் எழுதிவிட்டால், மணிலாவை இழந்தவர் காகிதத்தில் எள் விதைத்தவராகிவிடுவார். எள்ளைப் பன்றி தின்றது என்று எந்த அதிகாரியும் நம்பமாட்டார். நிலக்காரர்களும் அடங்கலில் தம் பயிர் சரியாக ஏறியிருக்கிறதா என்பதை ஆவணிக்குள் பார்த்துக்கொள்ள வேண்டும். புரட்டிய செடிகளை அப்புறப்படுத்துவதற்கு முன் படம் எடுத்துவைப்பதும் அவசியம்.

மாடும் மனிதரும்

அலையும் ஆடு மாடுகளுக்காக 1871-ம் வருஷத்திலேயே கால்நடை அத்துமீறல் சட்டம் ஏற்பட்டு, பட்டிகள் அமைந்தன. பிடித்த மாட்டைப் பட்டியிற் சேர்க்கலாமேயன்றி, அடித்துக் காலை ஒடிப்பதற்கு அச்சட்டம் இடம் தரவில்லை. பட்டி பாழடைந்து கிடக்கும் ஊர்களில் வரப்புச் சண்டைகள் மிகுதி என்பதை ஊராட்சித் தலைவர்கள் கவனிக்கலாம்.

மனிதரால் நேரும் சேதம் அளவில் சிறியது. வழிப்போக்கர் ஒரு கைப்பிடி பிடுங்கித் தின்பதைத் திருட்டென்று எண்ணி மல்லுக்கு நிற்பது கௌரவமாகாது. மூட்டைக் கணக்கில் போவது பிடுங்கிய பின்னரே. செடியைப் பிடுங்கிக் கொல்லையிலேயே கும்பலாகப் போட்டு, காய் ஆய ஆள் கிடைக்காமல் நாலைந்து இரவு விட்டுவைப்பவர்களே அதிகம் இழக்கிறார்கள். திருடனுக்குத் தப்பினாலும் ஐப்பசி மழைக்குத் தப்புவதில்லை. நனைந்த கும்பலில் பூசணம் பிடித்தால் அக்காய் மனிதருக்கும் மாட்டுக்கும் விஷம். ஆகவே காய் ஆய வரும் பெண்களின் எண்ணிக்கையை முதலில் உறுதி செய்துகொண்டு, அவர்கள் ஒரு நாளில் ஆய்ந்து முடிக்கும் அளவுக்கே செடி பிடுங்கவேண்டும். இதிலும் ஊர் கூடி நாள் வகுத்துக்கொண்டால், எல்லோரும் ஒரே நாளில் ஆளைத் தேடி அலைந்து கூலியை ஏற்றிவிடும் நிலைமை வாராது.

பிடுங்கிய கொல்லையில் மண்ணுக்குள் தப்பி நிற்கும் காயைக் களைக்கொத்தியால் கிளறிப் பொறுக்க ஏழைப் பெண்கள் வருவது தொன்றுதொட்ட வழக்கம். கும்பல் கொல்லையில் இருக்கும்போது அவர்களை உள்ளே விட்டால் மனத்தாங்கலுக்கு இடமுண்டாகும். களத்துக்குக் காய் போய்ச் சேர்ந்த மறுநாள் விட்டால் இல்லை. அவர்கள் கிளறுவதால் நிலக்காரருக்கு நஷ்டமும் இல்லை. தப்பிய காய் மண்ணிலேயே கிடந்தால் அதைத் தேடிப் பன்றி மறுபடியும் வரும். முளைத்தாலோ, அடுத்த பருவத்துப் பூச்சிக்கு முதற் தீனியாகும். களத்தில் காயும் காய், கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஒலிக்கும்வரையில் சாக்கில் கட்டப்படாமல் இருப்பதும், அதுவரையில் பரண் முறைக்காரர் இருவர் அங்கேயே படுத்துக்கொள்வதும் வேண்டும்.